நல்ல பழக்கம் படிய எந்த வழி: அட்டவணையா, பரிசா, செயலியா, கூட்டாளியா?

ஜூனில் பள்ளி திறந்த பிறகு நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில் பாடத்தைப் பற்றிய கேள்விகள் குறைவாகவே வரும். "எழுப்பி எழுப்பி ஓய்ந்து போகிறேன்", "பையை இன்னும் நான்தான் அடுக்குகிறேன்", "சொன்னால்தான் புத்தகத்தைத் தொடுகிறான்", "போனை வாங்கி வைத்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை". வகுப்பாசிரியராக நான் அதிகம் கேட்பது இவற்றைத்தான். இப்படிக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வழியை முயன்று பார்த்தவர்கள். சிலர் சுவரில் டைம் டேபிள் ஒட்டியிருக்கிறார்கள், சிலர் ஸ்டார் கொடுக்கிறார்கள், சிலர் போனில் செயலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் நன்றாகப் போகிறது, அப்புறம் பழைய கதைதான். "எந்த வழி சரி டீச்சர்?" என்று கேட்கும்போது ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பழக்கம், எந்த வயது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஐந்து வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் விலகிக்கொண்ட பிறகும் நிற்கிற வழிதான் நல்ல வழி. அந்தக் கணக்கில் பார்த்தால், தினமும் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு புதிய வேலையைக் கோத்துவிடுவதே அடிப்படை. மற்ற நான்கும் அதற்குத் துணை. சில சமயம் மிக நல்ல துணை.

## முதலில், எது பழக்கமாகும், எது ஆகாது?

யோசிக்காமல், யாரும் சொல்லாமல், ஒரு இடத்தையோ நேரத்தையோ முந்தைய செயலையோ பார்த்ததும் கை தானாகச் செய்வதுதான் பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதைப் போல. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவரது குழுவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மணிக்கு ஒரு முறை தாங்கள் என்ன செய்கிறோம் என்று மாணவர்களைக் குறிக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவற்றில் நாற்பது சதவீதத்துக்கும் மேல், அநேகமாகத் தினமும், பெரும்பாலும் அதே சூழலில் செய்யப்பட்டவை. அதாவது, ஒரு நாளின் கணிசமான பகுதி தீர்மானத்தால் ஓடுவதில்லை, சூழலைப் பார்த்து ஓடுகிறது.

இதிலிருந்து பெற்றோருக்கு ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. "தினமும் இரண்டு மணி நேரம் படிப்பது" என்பது பழக்கமாகவே ஆகாது. கணக்கு போடுவதற்கும் வேதியியல் சமன்பாட்டைச் சமன் செய்வதற்கும் யோசனை வேண்டும், யோசிக்காமல் அவற்றைச் செய்ய முடியாது. ஆனால் மாலை டீ குடித்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து டைரியைத் திறப்பது பழக்கமாகும். உட்காருவது படிந்துவிட்டால் படிப்புக்கு வழி திறந்துவிடும். பிள்ளையிடம் பழக்கமாக எதிர்பார்க்க வேண்டியது அந்த முதல் இரண்டு நிமிடத்தைத்தான். பை அடுக்குவது, இரவில் பல் தேய்ப்பது, தண்ணீர் குடிப்பது, போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுக்கப் போவது, இவையெல்லாம் முழுதாகவே பழக்கமாகக்கூடியவை.

அடுத்தது நாள் கணக்கு. "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறோம். 1960-இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவைசிகிச்சை நிபுணர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் நாளடைவில் உதிர்ந்து, எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். 2009-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணிக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெரியவர்கள், அதனால் பிள்ளைகளுக்கு இதே எண்ணை அப்படியே போட வேண்டாம். ஆனால் ஒரு தண்ணீர் டம்ளரும் ஐம்பது தோப்புக்கரணமும் ஒரே வேகத்தில் பழக்கமாகாது என்பது யாருக்கும் பொருந்தும். இன்னொன்றும் அதில் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. ஒரு நாள் விட்டதற்கே பிள்ளையை "உனக்கு எதுவுமே நிக்காது" என்று திட்டுகிற வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகள் போதும்.

நினைவூட்டுவது யார்? அம்மாவா, சுவரா, போனா, பிள்ளையின் நாளிலேயே இருக்கிற ஏதாவதா?

குலைந்த நாளில் தாங்குமா? விருந்தாளி வந்த நாள், கரண்ட் போன இரவு, காய்ச்சல், ஊர்த் திருவிழா, அரையாண்டு விடுமுறை. சாதாரண நாளில் எல்லா வழியும் ஓடும்.

மறைமுகச் செலவு என்ன? பணம் மட்டும் செலவு என்று எண்ண வேண்டாம். பெரியவர்களின் நேரம், வீட்டின் நிம்மதி, அண்ணன் தம்பி ஒப்பீடு, பிள்ளையின் மனதில் அந்த வேலைக்கு ஏற்படும் நிறம் எல்லாம் இதில் சேரும்.

ஏன் செய்கிறோம் என்று பிள்ளைக்குப் புரிகிறதா? புரியாமல் செய்கிற பிள்ளை, கேட்பார் இல்லாத இடத்துக்குப் போன அன்றே நிறுத்திவிடும். ஹாஸ்டல் முதல் வாரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

ஐந்து வழிகளுக்குள் போகுமுன், எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வழியைச் சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லிச் செய்ய வைப்பதுதான் அது. காசு செலவில்லை, உடனே வேலை நடக்கும். ஆனால் அங்கே படிகிற பழக்கம் வேறு. "பல்லு தேச்சியா?" என்று அம்மா முதல் முறை கேட்கும்போது பிள்ளை அசையாது. இரண்டாவது முறை "ம்" வரும். மூன்றாவது முறை குரல் உயரும்போது எழுந்திருக்கும். மூன்றாவது குரல்தான் எழுந்திருக்க வேண்டிய நேரம் என்று அந்தப் பிள்ளை மிகச் சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டது. அம்மா ஊருக்குப் போனால் பல் தேய்ப்பதும் போய்விடும். கீழே சொல்லும் வழிகளெல்லாம் அந்த மூன்றாவது குரலுக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## 1. சுவரில் டைம் டேபிள்

மிகப் பழைய வழி, மலிவான வழி. ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். 5.00 எழுந்திருத்தல், 5.15 படிப்பு, 6.30 குளியல் என்று போகும்.

இதன் பலம், நாள் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுவது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் ஐந்தாறு பாடத்தை வாரத்துக்குள் பங்கு போட இதைவிட நல்ல கருவி இல்லை. எந்தப் பாடத்துக்கு நேரமே விழவில்லை என்பது கட்டம் போட்டால்தான் தெரியும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை வேலைகளைப் படமாக வரைந்து வரிசையாக ஒட்டினால் அதுவும் நன்றாக வேலை செய்யும். பிரஷ், டம்ளர், சீப்பு, பை என்று படத்தைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே செய்வார்கள்.

பலவீனம், கடிகாரத்தை நம்பி நிற்பது. தமிழ்நாட்டு வீடுகளின் மாலை நேரம் கடிகாரப்படி ஓடுவதில்லை. பஸ் தாமதம், டியூஷன் நேர மாற்றம், தண்ணீர் வருகிற நேரம் என்று ஏதாவது வரும். 6.00 மணிக்குப் போட்டது 6.40 ஆனதும் "இன்னைக்குப் போச்சு" என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு செலவு, யாரும் சொல்லாதது: ஒட்டிய நாளின் உற்சாகத்தில் அட்டவணை கொள்ளாத அளவு எழுதிவிடுகிறோம். பத்து நாளில் அது வெறும் காகிதமாகிவிடுகிறது. தினமும் கண் முன்னால் நின்று "நீ செய்யவில்லை" என்று சொல்கிற காகிதம். அப்படி ஆனதும் தயங்காமல் கிழித்துவிடுங்கள். சுவரில் விட்டு வைப்பது பிள்ளைக்கு நல்லதல்ல.

எழுதுவது பிள்ளையாக இருந்தால் நான்காவது கேள்வியில் இது தேறும். அப்பா எழுதி ஒட்டினால் தேறாது.

## 2. ஸ்டாரும் பரிசும்

ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு சாக்லேட், நூறு ஸ்டாருக்கு சைக்கிள். உடனே பலன் காட்டுவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. முதல் வாரத்திலேயே மாற்றம் தெரியும். அதனால்தான் எல்லோரும் இங்கே வந்து நிற்கிறார்கள்.

ஆனால் இதன் மறைமுகச் செலவுதான் ஐந்திலும் கனமானது. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் விருப்பப்படி விளையாட விட்டபோது, முன்பே பரிசு பேசிய குழந்தைகள் மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பரிசு பேசியதும் விளையாட்டு வேலையாக மாறிவிட்டது.

கதைப் புத்தகத்தைத் தானாக எடுக்கிற பிள்ளைக்கு "பத்து பக்கத்துக்கு ஒரு ஸ்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பிடித்ததைச் செய்கிற பிள்ளைக்குப் பரிசு வேண்டாம்.

அப்புறம் வீட்டுக்குள் நடப்பது. அக்காவுக்கு எட்டு ஸ்டார், தம்பிக்கு ஐந்து என்றால் அது பழக்கத்தின் பேச்சாக இருக்காது, யாரை அதிகம் பிடிக்கும் என்ற பேச்சாகிவிடும். விலையும் ஏறும். சாக்லேட்டில் ஆரம்பித்தது "செஞ்சா எனக்கு என்ன கிடைக்கும்?" என்ற பேரத்தில் வந்து நிற்கும்.

இவ்வளவு சொன்னாலும் பரிசைத் தள்ளிவிட முடியாது. மூன்று இடத்தில் இதுதான் முதல் தேர்வு. ஒன்று, பிள்ளைக்குத் துளியும் ஆசை இல்லாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை: மாத்திரை, பிசியோதெரபி பயிற்சி, பல் தேய்ப்பது. இல்லாத ஆசையைப் பரிசு கெடுக்க முடியாது. இரண்டு, கவனக்குறைவும் அதீத துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகள். அவர்களுக்கு நெடுநாள் கழித்து வரும் பலன் பிடிபடாது. உடனே கையில் கிடைக்கும் சிறிய அங்கீகாரம் அவர்களுக்கான நடத்தைப் பயிற்சியிலேயே ஒரு பகுதி. இதை நிபுணரோடு பேசிச் செய்யுங்கள். மூன்று, ஆரம்ப உந்துதல். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் ஸ்டார் போட்டு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒரு முறை என்று இடைவெளியை நீட்டி நிறுத்திவிடலாம். பரிசும் பொருளாக இல்லாமல் சேர்ந்து செய்கிற காரியமாக இருந்தால் பேரம் குறையும். ஞாயிறு மாலை அப்பாவோடு பேட்மிண்டன், இரவு உணவு என்ன என்று தீர்மானிக்கும் உரிமை, இப்படி.

## 3. நடக்கிற வேலையோடு கோத்துவிடுவது

இதற்கு எதுவும் வாங்க வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, புதிய செயலை அதன் வாலில் கட்டுவதுதான். அந்தப் பழைய செயலைக் கொக்கி என்று சொல்வோம். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாகத் திட்டமிடுகிறவர்கள், "செய்ய வேண்டும்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவரைத் தொடர்ந்த பலரும் காட்டியிருக்கிறார்கள்.

பை அடுக்குவதை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் பையன். காலை 7.40-க்கு வேன். 7.30-க்கு ஜாமெட்ரி பாக்ஸ் காணோம், டைரியில் கையெழுத்து வாங்கவில்லை, ரெக்கார்டு நோட் கட்டிலுக்கு அடியில், தண்ணீர் பாட்டில் நேற்றைய தண்ணீரோடு பைக்குள்ளேயே. வீடே ஓடுகிறது. இதை "இரவு 8.30-க்குப் பை அடுக்கு" என்று கடிகாரத்தில் கட்டினால் நிற்காது, ஏனென்றால் இரவுச் சாப்பாடு ஒரு நாள் எட்டுக்கு, ஒரு நாள் ஒன்பதரைக்கு. ஆனால் சாப்பாடு நடக்காத நாள் இல்லை. அதனால் வாக்கியம் இப்படி அமைய வேண்டும்: "சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், நாளைய டைம் டேபிளைப் பார்த்துப் பையை அடுக்குவேன்."

இதில் மூன்று நுணுக்கம் இருக்கிறது. முதலாவது, முடிவு தெளிவாகத் தெரிகிற செயலில் கட்ட வேண்டும். "சாப்பிட்ட பிறகு" என்பது மங்கலானது. சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் அதுவும் சாப்பிட்ட பிறகுதான். தட்டைக் கவிழ்க்கிற சத்தம் தெளிவானது. தட்டு கழுவுவது பெண் பிள்ளையின் வேலை என்றிருக்கிற வீடுகளில் பையனும் கழுவட்டும், அவனுக்கும் ஒரு கொக்கி கிடைக்கும். இரண்டாவது, இடம். டைம் டேபிள் பையின் உள்மூடியில் ஒட்டியிருக்க வேண்டும், அலமாரிக் கதவில் இருந்தால் தேடிப் போக வேண்டும். அடுக்கிய பை செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும். மூன்றாவது, முதல் சில நாள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தட்டு கவிழ்ந்ததும் பையைப் பார்த்தால் போதும். வாயால் சொன்னால் நினைவூட்டுவது மறுபடியும் அம்மாவாகிவிடும்.

பள்ளியிலும் இதே முறை நடக்கிறது. கேரளத்தில் 2019-இல் பேசப்பட்டு, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்த 'வாட்டர் பெல்' இதுதான். "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று அறிவுரை சொல்லி நடக்காதது, ஒரு மணியோசையில் கட்டியதும் நடக்கிறது. கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளியில் மணி அடித்தும் பெண் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடையை நீக்காமல் கொக்கி மட்டும் மாட்டினால் பயனில்லை.

செலவு என்ன? பொறுமைதான். முதல் இரண்டு வாரம் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஸ்டார் தருகிற பளிச்சென்ற மாற்றம் இங்கே கிடைக்காது. இன்னொரு குறை, கொக்கி போனால் பழக்கமும் போய்விடும். வுட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களின் பழைய பழக்கங்கள், புதிய இடத்தில் சூழல் ஒத்திருந்தால் மட்டும் தொடர்ந்தன. மே மாத விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போன பிள்ளை பழக்கத்தை மறப்பது இதனால்தான், அது சோம்பேறித்தனம் அல்ல. திரும்பி வந்ததும் இரண்டு நாள் பக்கத்தில் நின்றால் மீண்டு வரும்.

பெரிய, பல மணி நேர வேலைகளுக்கு இது போதாது. பிளஸ் டூ திருப்புதலைத் தட்டு கழுவுவதில் கட்ட முடியாது. தொடக்கத்தை மட்டும் கட்டலாம்.

## 4. கைபேசிச் செயலி

செய்த நாளை டிக் செய்யும், தொடர்ச்சியை எண்ணிக் காட்டும், நேரம் வந்தால் மணி அடிக்கும். கணக்கில் பிழை வராது. பெரியவர் நடுவில் வர வேண்டியதில்லை என்பதால் பதினைந்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகள் இதை விரும்புவார்கள். யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற எரிச்சல் இல்லை. தனியாக ஹாஸ்டலில் இருக்கும் கல்லூரி மாணவருக்கு இது நல்ல துணை.

மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. டிக் செய்வதற்காகத் திறந்த போனில் அடுத்த நொடி வாட்ஸ்அப் குழுவும் ரீல்ஸும் நிற்கின்றன. அரை நிமிட வேலைக்குள் நுழைந்து அரை மணி கழித்து வெளியே வருகிறார்கள். அம்மாவின் போனில்தான் செயலி என்றால் இன்னும் சிக்கல், அந்தப் போனைக் கேட்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. தொடர்ச்சிக் கணக்குக்கும் ஒரு குணம் உண்டு. நாற்பதாவது நாள் காய்ச்சலில் விட்டுப்போய் எண் பூஜ்யத்துக்கு வந்ததும் பிள்ளை செயலியையே அழித்துவிடும். ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடாது என்று மேலே பார்த்தோம். செயலி அதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறது.

அதே பயன் வேண்டுமென்றால் பத்து ரூபாய் காலண்டர் போதும், தேதியில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. போன் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதே நோக்கம் என்றால் செயலி தேவையில்லை, போன் இரவில் எங்கே சார்ஜ் ஏறுகிறது என்பதை மாற்றுங்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுவது எந்தச் செயலியைவிடவும் அதிகம் செய்யும். பெரியவர்கள் போனும் அங்கேயே ஏற வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை ஒரு வாரம்கூட ஒத்துக்கொள்ளாது.

## 5. கூட்டாளியும் குழுவும்

தனியாக வீட்டில் உட்காராத பிள்ளை, பக்கத்து வீட்டு நண்பனோடு திண்ணையில் உட்காரும். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த திட்டம். ஆனால் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மாலையானால் தெருவிலேயே ஓரிடத்துக்குப் போய், மற்ற பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் புத்தகத்தோடு உட்காருவது. வீட்டில் தனி மேசையோ தனி அறையோ அமைதியோ இல்லாத பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஊர் நூலகமும் இந்த வேலையைச் செய்யும்.

வகுப்பே ஒரு குழுவாகவும் இருக்கலாம். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்கள் தங்கள் வகுப்பறையையும் நடைபாதையையும் தினமும் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். எல்லோரும் செய்வதால் யாருக்கும் அது தண்டனையாகத் தெரிவதில்லை. நம் பள்ளிகளில் இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். முறை வைத்து, ஒருவர் விடாமல், ஆசிரியரும் சேர்ந்து செய்வதாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள். குறிப்பிட்ட பிள்ளைகளிடம் மட்டும் துடைப்பத்தைக் கொடுக்கிற இடத்தில் படிவது சாதிதான், சுத்தம் அல்ல.

குழுவின் செலவு, கூட்டாளியைப் பொறுத்தது. ஒரு பிள்ளை நின்றால் இன்னொன்றும் நின்றுவிடும். அரட்டையில் பாதி நேரம் போகும். பெண் பிள்ளைகள் என்றால் இருட்டிய பிறகு போய் வர யார் துணை என்ற கேள்வி வரும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்குக் குழுவே பாரமாகிவிடலாம். மூன்று நான்கு பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

## ஒரே பார்வையில்

| வழி | நினைவூட்டுவது | குலைந்த நாளில் | மறைமுகச் செலவு | பெரியவர் விலகினால் | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|---|
| டைம் டேபிள் | சுவர், கடிகாரம் | எளிதில் முறியும் | குற்ற உணர்ச்சி | பிள்ளை எழுதியதானால் நிற்கும் | பொதுத்தேர்வுத் திட்டம்; படமாகச் சின்ன வகுப்புகளுக்கு |
| ஸ்டார், பரிசு | பரிசு தருபவர் | தாங்கும் | பேரம், ஒப்பீடு, ஆசைக் குறைவு | பெரும்பாலும் விட்டுப்போகும் | ஆசையே இல்லாத அவசிய வேலை. தொடக்க வாரங்கள் |
| கோத்துவிடுவது | முந்தைய செயல் | நன்றாகத் தாங்கும் | பொறுமை. மெதுவான பலன் | நிற்கும், சூழல் மாறாதவரை | தினசரிச் சிறு வேலைகள், எல்லா வயதும் |
| செயலி | போன் | தொடர்ச்சி அறுந்தால் கைவிடல் | கவனச்சிதறல் | சிலருக்கு நிற்கும் | கல்லூரி, ஹாஸ்டல் |
| கூட்டாளி | நண்பர் | ஆளைப் பொறுத்தது | அரட்டை, போக்குவரத்து | குழு உள்ளவரை | இடமில்லாத வீடு, மாலைப் படிப்பு |

## எந்த வீட்டுக்கு எது?

அம்மா அப்பா இருவரும் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். மேற்பார்வை தேவைப்படும் எதுவும் உங்களுக்கு நிற்காது. மாலைக்கு ஒரு கூட்டாளி, இரவுக்கு ஒரு கொக்கி. ஸ்டார் அட்டை வேண்டாம், களைத்து வந்த பிறகு அதில் கணக்குப் பார்ப்பது உங்கள் இருவருக்கும் பாரம்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு. பட அட்டையும் கோத்துவிடுவதும் சேர்ந்து. "கைகழுவினால் நோய் வராது" என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட, எண்ணெய் தடவிய கையில் மஞ்சள் தூளைப் போட்டு வெறும் தண்ணீரிலும் சோப்பிலும் மாற்றி மாற்றிக் கழுவிக் காட்டுங்கள். எது போகிறது, எது போகவில்லை என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்கு ஏன் சோப்பு என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பு. எது செய்தாலும் "ஏன்?" என்று கேட்கிற வயது. இங்கே வழியைவிட முக்கியம், கொக்கியைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் அவர்கள் நாளை அவர்களே எழுதட்டும்: எழுந்ததும் முதலில் என்ன, பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் என்ன. அதில் தவறாமல் நடப்பது எது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். என் வகுப்பில் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் "வந்ததும் யூனிஃபார்ம் மாத்துவேன்" என்று எழுதுவார்கள். நல்ல கொக்கி அது. யூனிஃபார்மைக் கொடியில் போட்டதும் டிபன் பாக்ஸைச் சிங்கில் போடுவதையும் டைரியை மேசையில் வைப்பதையும் அங்கே கட்டலாம்.

காலையில் எழ மாட்டேன் என்கிற பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளை. எந்த வழியையும் தேர்ந்தெடுக்குமுன் படுக்கும் நேரத்தைப் பாருங்கள். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் கொடுத்த பரிந்துரை. இந்த வயதில் உடலே தாமதமாகத் தூங்கும் பக்கம் சாய்கிறது. இரவு பன்னிரண்டுக்குப் படுத்த பிள்ளையை ஐந்துக்கு எழுப்புவதற்குப் பழக்கம் என்று பெயர் வைக்க முடியாது. காலைப் படிப்பை விட்டுவிட்டு மாலையை உறுதி செய்யுங்கள். திட்டமிட டைம் டேபிள், தொடங்க ஒரு கொக்கி.

ஹாஸ்டலுக்குப் போகப் போகிற பிள்ளை. பழைய கொக்கிகள் எல்லாம் வீட்டோடு நின்றுவிடும். போகுமுன்பே மெஸ், மணி, குளியல் வரிசை எப்படி இருக்கும் என்று கேட்டு, புதிய இடத்தில் தினமும் நடக்கப்போகிற இரண்டு செயல்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். இடம் மாறுகிற முதல் வாரங்களில் நல்லதும் கெட்டதும் வேகமாகப் படியும், அந்த நேரத்தைக் கைவிட வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும். இரண்டு மாதமாவது கொடுங்கள். அதற்குள் எதையாவது மாற்ற வேண்டியது ஒரே சந்தர்ப்பத்தில்தான்: பிள்ளை தினமும் முயன்றும் தினமும் தவறினால். அப்போது வழியில் குறை இல்லாமல் இருக்கலாம், வேலை பெரிதாக இருக்கும். பை முழுவதையும் அடுக்குவதற்குப் பதிலாக டைரியும் ஜாமெட்ரி பாக்ஸும் மட்டும் என்று குறைத்துப் பாருங்கள். அது படிந்த பிறகு நோட்டுகளைச் சேர்க்கலாம்.